ஆக மங்கலானதைத் தெரிந்தெடுத்தேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, அத்தாட்சி இருக்கிறது. ஒரு பெண்ணைப் பழிவாங்க வேண்டும் என்பதற்காக ஒரு மாதம் பாடுபட்டு ஒரு மென்பொருளைத் தெரிந்தெடுத்த ஆள் வேறு யாராவது இருந்தால் எனக்கு அறிமுகப்படுத்துங்கள். இருவரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கலாம். தலைவர் பதவி மட்டும் எனக்குத்தான். ஏனென்றால், அந்த ஒரு மாதத்தில் மென்பொருளோடு வந்த ஒரேயொரு பக்கக் குறிப்பைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்காமல் விட்டவனும் நான்தான்.

அது சமாதான காலம். பாதை திறந்திருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பெட்டியை இறக்கித் திறந்து காட்டி, மறுபடி ஏற்றி, அடுத்த பக்கத்திலும் இறக்கித் திறந்து காட்டினால், வன்னிக்குள் எதையும் கொண்டுவரலாம் என்ற நிலைமை. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பாதையில் கொஞ்சத் தூரம் போனால் ஓர் அச்சகம் இருந்தது. முன்னால் வாடிக்கையாளர் இருக்க ஒரு வாங்கு. நடுவில் மேசைகள். பின்னால் மெஷின் அறை. அதற்கும் பின்னால் ஒரு தகரக் கொட்டில். பசை மணக்கிற அந்தக் கொட்டிலில்தான் தாள் மடித்து ஒட்டுகிற பைண்டிங் வேலை.

நான் அங்கே கணினியில் பக்கம் கோப்பவன். கலியாணக் கார்ட், பெண்பிள்ளை பெரியவளானால் அடிக்கிற சாமத்தியக் கார்ட், பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சைத் தாள், எல்லாவற்றையும் விட அதிகமாகக் கல்வெட்டு. கல்லில் வெட்டுவதல்ல. செத்தவரின் முப்பத்தோராம் நாளன்று வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். முன்பக்கத்தில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். எங்கள் ஆட்கள் ஒருவர் உயிரோடு இருக்கிறபோது அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல யோசிப்பார்கள். செத்து முப்பத்தோராம் நாளில் முப்பத்திரண்டு பக்கத்துக்குச் சொல்லுவார்கள்.

அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் ஓர் அக்கா. என்னைவிட மூன்று வயது கூட. மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி, கையில் ஒரு சிவப்புப் பேனை. ஒரு தாள் கையில் அகப்பட்டால் கடைசிப் புள்ளி வரைக்கும் வாசிக்காமல் கீழே வைக்க மாட்டார். வடை சுற்றி வந்த பத்திரிகைத் துண்டைக்கூட விரித்து, எண்ணெய் ஊறாத இடங்களையெல்லாம் திருத்திவிட்டுத்தான் வடையைக் கடிப்பார். பிழை பார்த்து முடிந்த தாளின் கீழ் மூலையில் ‘பார்த்தது’ என்று எழுதித் தன் பெயரின் முதலெழுத்தை வைப்பார். அந்த எழுத்து விழாமல் எந்தத் தாளும் மெஷின் அறைக்குள் போக முடியாது. என்னுடைய தாள்கள் அவரிடம் வெள்ளையாய்ப் போய், அம்மை வார்த்தது போலத் திரும்பி வரும். அதற்காக நான் அவர் மீது வஞ்சம் வைக்கவில்லை. அது அவருடைய வேலை. வஞ்சம் வைத்தது ஒரு கடிதத்துக்காக.

சந்தியில் ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. அதில் ஒரு பிள்ளை இருந்தா. எனக்கு வெளிநாட்டில் ஒரு சொந்தமும் கிடையாது. ஆனாலும் நாளுக்கு ஒரு தரம் அந்தக் கடைக்குப் போய், கனடாவில் இப்ப என்ன நேரம் என்று கேட்டுவிட்டு வருவேன். பரந்தனில் என்ன நேரம் என்பதே சரியாகத் தெரியாத நான், கனடா நேரத்தை மட்டும் பிசகாமல் வைத்திருந்தேன். இப்படியே சில மாதம் போனபின் ஒரு கடிதம் எழுதுவதென்று முடிவெடுத்தேன். என் கையெழுத்தை எனக்கே வாசிக்க ஏலாது. ஆகவே வேலை முடிந்த ஒரு பின்னேரம் கணினியிலேயே கோத்தேன். ஒன்றரைப் பக்கம். சுற்றிவர மல்லிகைக் கொடி போட்டேன். அது நாங்கள் கலியாணக் கார்ட்டுக்குப் போடுகிற கரை. ஒரு முன்யோசனைதான்.

அச்சகத்தில் இருந்தது ஒரே பிரின்டர். அதிலிருந்து விழுகிற தாளெல்லாம் ஒரே தட்டில் விழும். அந்தத் தட்டிலிருந்துதான் அக்கா எடுப்பார். நான் பொத்தானை அழுத்திவிட்டு, முதலாளி கூப்பிடுகிறார் என்று முன்னுக்குப் போய் வர, தட்டில் தாள் இல்லை. அக்கா வீட்டுக்குப் போவதற்காகச் சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பையைப் பார்த்தேன். சைக்கிள் படலையைத் தாண்டிப் போனது.

அடுத்த நாள் காலை, ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத் தாள்களோடு சேர்ந்து என் கடிதமும் மேசைக்கு வந்திருந்தது. இருபத்து மூன்று இடத்தில் சிவப்பு. அது போதாதென்று, வாடிக்கையாளரைக் கேட்டு அறிய வேண்டியவற்றை எழுதுகிற இடது கரையில் குறிப்புகள். ‘நிலவு ஆறு தரம் வருகிறது. வாடிக்கையாளர் இதை விரும்புகிறாரா?’ என்று ஓர் இடத்தில். ‘இந்த வசனம் முடியவில்லை. என்ன சொல்ல வருகிறார்?’ என்று இன்னோர் இடத்தில். கீழ் மூலையில் ‘பார்த்தது’, முதலெழுத்து. எழுத்து விழுந்த தாள் என்பதால் முறைப்படி மெஷின் அறைக்கும் போய்த்தான் என்னிடம் வந்திருந்தது. மெஷின் ஓட்டுகிற அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, இது எத்தினை கொப்பி அடிக்கிறது?”

அந்தக் கடிதம் போகவில்லை. திருத்தியபடி கோத்து அனுப்பியிருக்கலாம். உண்மையில் திருத்திய கடிதம் நான் எழுதியதைவிட நல்லாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையின் கலியாணக் கார்ட் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. மாதிரிக் கொப்பியைப் புரட்டி, மல்லிகைக் கொடிக் கரையையே காட்டினா. நானே கோத்தேன். அந்தக் கார்ட்டில் மட்டும் அக்கா ஒரு பிழையும் பிடிக்கவில்லை. நேராகப் ‘பார்த்தது’ போட்டுத் தந்தார். அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன், இந்தச் சிவப்புப் பேனையை ஒருநாள் இவருடைய கையாலேயே மூடி வைக்கப்பண்ணுவேன் என்று.

நாள் வந்தது. முதலாளியின் மச்சான் ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. பதினைந்து வருசத்துக்குப் பிறகு லீவில் வந்தவர், அங்கே கழித்துவிட்ட இரண்டு பெரிய கணினிகளைக் கொண்டுவந்திருந்தார். வேர்க்ஸ்டேசன் என்றார். ஒவ்வொரு திரையும் ஒரு நெல்மூட்டைப் பாரம். மவுஸில் மூன்று பொத்தான். இடது தெரியும், வலது தெரியும், நடுப் பொத்தான் எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடும்.

அவர் அதில் போட்டுத் தந்தது ஒரு புதுவிதமான பக்கம் கோக்கும் முறை. நாங்கள் அதுவரை கணிதத் தாளில் பின்னம் வந்தால் கோட்டைத் தனியாக வரைந்து, மேலே ஓர் இலக்கத்தையும் கீழே ஓர் இலக்கத்தையும் கொண்டுபோய் ஒட்டுவோம். அச்சடிக்கும்போது கோடு ஒரு பக்கம் போகும், இலக்கம் இன்னொரு பக்கம் போகும், பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில் அழுவார்கள். புது முறையில் கட்டளை எழுதினால் போதும், பின்னமும் வர்க்கமூலமும் தாமாகவே இடத்தில் போய் இருக்கும். ஒரேயொரு குறை. எழுதுகிறபோது கட்டளைதான் தெரியும், பக்கம் தெரியாது. ஆக்கி முடித்த பக்கத்தைத் திரையில் பார்ப்பதற்கு வேறொரு மென்பொருள் வேண்டும். அதற்கு நாங்கள் பக்கங்காட்டி என்று பெயர் வைத்தோம். மச்சான்காரர் மூன்று பக்கங்காட்டிகளைப் போட்டுவிட்டு, பாவித்துப் பார்த்துப் பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றைப் பற்றியும் ஒரு பக்கம் தன் கையால் எழுதி, சீடிப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். தாள் வவுனியாவிலிருந்து வருகிற பாடு எங்களுக்குத் தெரியும் என்றும், இனி புரூஃபுக்கென்று ஒரு தாளும் அடிப்பதில்லை, எல்லாம் திரையிலேயே பார்ப்பது என்றும் சொன்னார். எந்தப் பக்கங்காட்டி நல்லது என்று நான் ஒரு மாதம் பார்த்துச் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் அக்கா பக்கம் திரும்பினார்.

“திரையிலை பாக்க ஏலாதவை பைண்டிங்குக்குப் போகலாம். அங்கை ஆள் காணாது.”

அக்காவின் கண்ணாடி ஒரு சாண் தூரத்துக்கு உரியது. தாளை மூக்கடியில் பிடித்தால் ஈ காலடி வைத்த இடத்தையும் கண்டுபிடிப்பார். கை நீட்டுத் தூரத்தில் இருக்கிற திரை, கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாது, கழற்றினாலும் தெரியாது. பைண்டிங் பசை பட்டால் அவருடைய கை முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்துவிடும். ஒருமுறை ஆள் குறைந்த கிழமை உதவிக்குப் போய் அப்படி வந்தது. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்போது இருக்கவில்லை. அப்போது என் பேர்ஸுக்குள் நான்காக மடித்த கடிதம் இருந்தது.

அக்கா மேசையிலிருந்த சீடிப் பெட்டியை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கணக்கெடுக்கவில்லை. தாள் ஒன்றும் இல்லாவிட்டால் அவர் சவர்க்காரப் பெட்டியையும் அப்படித்தான் பார்ப்பார்.

அந்த ஒரு மாதம் நான் வேலை செய்தது போல என் வாழ்நாளில் செய்ததில்லை. முதலாவது பக்கங்காட்டிக்கு ஓட்டக்காரன் என்று பெயர் வைத்தேன். கூப்பிட்டவுடன் ஓடி வரும். எழுத்தின் ஓரங்கள் எலி அரித்தது மாதிரி இருக்கும், ஆனால் ஒரு விசையைத் தட்டினால் பெருக்கும், இன்னொரு தட்டில் இன்னும் பெருக்கும். அக்கா முற்றத்தில் நின்றே வாசிக்கலாம். ஆகவே கூடாது. இரண்டாவது மாப்பிள்ளை. அலங்கரித்து முடித்து வெளியே வர நேரமாகும். ஜெனரேட்டர் ஒருதரம் இருமினால் திரும்ப முதலிலிருந்து உடுக்கத் தொடங்கும். வந்துவிட்டால் அச்சடித்த தாளைத் திரையில் ஒட்டியது போல இருக்கும். விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கலாம். நேர்மையாகச் சொன்னால் அச்சகத்துக்கு ஏற்றது மாப்பிள்ளைதான். ஆகவே அதுவும் கூடாது.

மூன்றாவதைத் திறந்தபோது என் மனம் குளிர்ந்தது. அதற்கு மேகமூட்டம் என்று பெயர் வைத்தேன். முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் காட்டும். எழுத்தெல்லாம் சாம்பல் நிறம், புகைக்குள் எறும்பு போவது போல. பெரிதாக்குவதற்கு ஒரு பட்டியலுமில்லை, ஒரு விசையுமில்லை. எல்லா விசையையும் தட்டிப் பார்த்தேன். மவுஸின் இடது பொத்தான் அடுத்த பக்கம், வலது பொத்தான் முந்தின பக்கம், அவ்வளவுதான். மச்சான்காரரின் குறிப்பிலும் தேடினேன். அதில் மூன்றாவதைப் பற்றிய பந்தி தாளின் அடிப்பாகத்தில் இருந்தது. ‘இது எளிமையானது’ என்று தொடங்கியது. எளிமையானதுக்கு என்ன விளக்கம் என்று மடித்து வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் முடிந்த அன்று முதலாளிக்கு முன்னால் ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன். இது கண்ணுக்குக் குளிர்ச்சி. மற்ற இரண்டும் கண்ணைக் குத்தும். ஜெனரேட்டருக்குப் பாரமில்லை. பக்கத்தை முழுசாகப் பார்த்தால்தான் பக்கத்தின் அழகு விளங்கும், துண்டு துண்டாகப் பார்ப்பது யானையைத் துண்டு துண்டாகப் பார்ப்பது மாதிரி. முதலாளி குனிந்து பார்த்து, கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்றார். பழகப் பழகச் சரிவரும் என்று சொன்னேன். ஒரு மாதம் பார்த்தவன் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா வந்து கதிரையில் இருந்தார். நான் பின்னால் நின்றேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். துடைத்துப் போட்டுப் பார்த்தார். முன்னுக்குக் குனிந்தார், பின்னுக்குச் சாய்ந்தார். கையிலிருந்த சிவப்புப் பேனையை மெதுவாக மூடினார். அந்தச் சின்னச் சத்தத்துக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன். ஒவ்வொரு நிலவுக்கும் ஒரு தரமாக, ஆறு தரம் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

பிறகு அவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

“எழுத்துச் சின்னன்தான் ஐயா. ஆனா எனக்குக் காது நல்லாக் கேக்கும். தம்பி திரையைப் பாத்து உரத்து வாசிக்கட்டும், நான் மூலப்பிரதியை வைச்சுச் சரிபாக்கிறன். தம்பிதானே இதைத் தெரிஞ்செடுத்தவர், அவருக்கு நல்லாத் தெரியும்.”

முதலாளிக்கு மெத்தச் சந்தோசம். தாளும் மிச்சம், ஆளும் இடம் மாறத் தேவையில்லை. அடுத்த நாளிலிருந்து நான் வாசிக்கத் தொடங்கினேன்.

சும்மா வாசிப்பதல்ல. புள்ளி, கோடு, இடைவெளி எல்லாவற்றையும் சொல்லி வாசிக்க வேண்டும். “முதலாம் வினா, முற்றுப்புள்ளி. அடைப்புக்குறி திறக்க, எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்புக்குறி மூட, வர்க்கம்.” பெரிய கதிரையில் அக்கா, பக்கத்தில் முக்காலியில் நான். புகைக்குள் எறும்பை எண்ணி என் கண் கலங்கும். பிழை வந்தால் அவர் பிழை என்று சொல்ல மாட்டார். “திருப்பி வாசியும்” என்பார். திருப்பி வாசிப்பேன். “இன்னொருக்கா.” மூன்றாம் தரம் வாசிக்கும்போது எனக்கே விளங்கும், அதோடு முன் வாங்கில் இருக்கிறவர்களுக்கும் விளங்கும். தாளில் இருந்த காலத்தில் என் பிழைகள் சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வந்தன. இப்போது அவற்றுக்கு என் குரலே கிடைத்துவிட்டது. மெஷின் அண்ணை மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் சாய்ந்து நிற்பார். காலைச் செய்தி முடிந்ததோ, விளையாட்டுச் செய்தி எப்ப என்று கேட்பார். ஒரு சாமத்தியக் கார்ட்டை அந்தப் பிள்ளையின் நாலு மாமிமாருக்கு முன்னால் வாசித்தேன். அவர்கள் கேட்டுவிட்டு, தம்பிக்குச் சளிபோல, கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லுங்கோ என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காலையில் ஜெனரேட்டரைப் போடுகிறபோதே அக்கா வந்துவிடுவார். நான் எப்போதும் கால்மணி நேரம் பிந்தித்தான். வரும்போது பெரிய கதிரை திரைக்குக் கிட்டத் தள்ளியிருக்கும். கூட்டுகிறவர்கள் தள்ளிவிட்டது என்று நினைத்து நானே இழுத்துச் சரிப்படுத்துவேன்.

இனித் தர்மபுரத்துப் பெரியவரின் கல்வெட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் தொழில் இரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்வெட்டைப் பக்கம் கோக்கிற எவரும் முதலிலிருந்து கோப்பதில்லை. கடைசியாகச் செத்தவரைத் திறந்து, பெயரை மாற்றி, ஊரை மாற்றி, படத்தை மாற்றி, அவர் மேலேயே அடுத்தவரைக் கிடத்துவோம். புலம்பல்கள் அநேகமாக எல்லோருக்கும் பொருந்தும். எனக்குக் கடைசியாக வந்தவர் நாயாற்றுப் பக்கத்து மீன்பிடிச் சம்மாட்டி. மனைவி, ஆறு பிள்ளைகள். அவருக்கு மேல் நான் கிடத்தியது தர்மபுரத்தில் வயல் செய்த ஒருவரை. அவர் கலியாணமே செய்யவில்லை.

பக்கத்தைச் சரிபார்க்க அவருடைய தம்பிமார் இருவர் வந்தார்கள். வழக்கமாக வந்தவர்கள் முன் வாங்கில்தான் இருப்பார்கள். அன்றைக்கு அக்கா தானே எழும்பிப் போய், மெஷின் அண்ணையைக் கொண்டு வாங்கை உள்ளுக்கே தூக்குவித்து, இதிலே இருந்து கேளுங்கோ, பிழை இருந்தால் உடனே சொல்லலாம் என்று அவர்களை என் முதுகுக்குப் பின்னால் இருத்தினார். நல்ல உபசாரம் என்று நினைத்தேன்.

வாசித்தேன். பிறந்த ஊர், காற்புள்ளி. படித்த பள்ளிக்கூடம், முற்றுப்புள்ளி. காடு வெட்டி வயலாக்கிய வரலாறு, புதுப் பந்தி. அப்போதெல்லாம் நான் புள்ளிகளைத்தான் வாசிப்பேன், சொற்கள் தாமாக வாயால் போய்க்கொண்டிருக்கும். அப்படியே, இல்லற வாழ்வில் இணைந்து, காற்புள்ளி, இல்லறத்தின் பயனாய், காற்புள்ளி, என்று மூத்த மகனையும் இரண்டாவது மகளையும் பெற்று, மூன்றாவதுக்கு மூச்செடுத்தபோதுதான் பின்னால் ஓர் அமைதி இருப்பது தெரிந்தது. நிறுத்தினேன்.

“நிப்பாட்டாதையும் தம்பி. கடைசிப் பிள்ளை வரைக்கும் வாசியும்” என்றார் அக்கா.

வாசித்தேன். வேறு என்ன செய்ய. ஆறையும் பெற்று முடித்துத் திரும்பிப் பார்த்தேன். மூத்த தம்பி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இது ஆருடைய மனுசி என்று கேட்டார். இளையவர் சால்வையால் முகத்தை மூடியிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழும்பி நின்றேன். சால்வையை எடுத்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் தண்ணீர்.

“இதை ஒரு மாசம் முந்திச் சொல்லியிருந்தா அண்ணை செத்திருக்க மாட்டார்.”

மூத்தவர் அவரை முறைத்தார். பிறகு அவருக்கும் உதடு நடுங்கியது. வயல் ஏழு ஏக்கர் கிடக்கிறது, ஆறு பிள்ளையளை எழுத்திலே போட்டால் நாளைக்கு வழக்குக்கு வருவாங்கள், எடுத்துவிடும் தம்பி என்று மட்டும் சொன்னார். அவர்கள் பெருந்தன்மையான ஆட்கள். எங்கள் முதலாளி அப்படியல்ல. அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, பைண்டிங்கில் இன்னும் ஆள் காணாதுதான் என்று தகரக் கொட்டிலைப் பார்த்தபடி பொதுவாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கை தடிக்காமல் நல்லாகவே இருந்தது.

அன்றிரவு வீட்டில் நான் மனம் திருந்தினேன் என்று எழுதினால் பொய். பயந்தேன், அவ்வளவுதான். இந்த வாசிப்பு நின்றால்தான் நான் தப்பலாம். வாசிப்பு நிற்க வேண்டுமென்றால் அக்கா தானே திரையைப் பார்க்க வேண்டும். அதற்கு மாப்பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். அடுத்த நாள் ஒரு வள்ளலைப் போல அக்காவிடம் போனேன். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, எழுத்துப் பெரிதாகத் தெரிகிற பக்கங்காட்டி ஒன்று இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. வேண்டாம், இதுவே கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். என் பிரசங்கத்தின் முதல் வரி.

அவரைக் கேட்காமலே மாற்றுவதென்று தீர்மானித்தேன். மூன்று மாதமாக மேகமூட்டத்தை மட்டும் பாவித்ததில் மாப்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்பது மறந்துவிட்டது. மச்சான்காரரின் குறிப்பில் இருக்கும். அக்கா முற்றத்து நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மேசை லாச்சிக்குள் கிடந்த சீடிப் பெட்டியைத் திறந்து குறிப்பை விரித்தேன்.

தாள் முழுக்கச் சிவப்பு.

பதினைந்து வருசம் வெளிநாட்டில் இருந்த மனிதரின் தமிழ். பாவம், அவருக்கும் அம்மை வார்த்திருந்தது. ஓட்டக்காரன் பந்தியில் நாலு, மாப்பிள்ளை பந்தியில் ஏழு. கடைசிப் பந்திக்கு வந்தேன். ‘இது எளிமையானது’ என்பதற்குப் பிறகும் மூன்று வரி இருந்தது. கடைசி வரி இது: ‘எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால் நடுப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும், அந்த இடம் மட்டும் பெரிதாகத் தெரியும்.’ அந்த வரியில் அவர் விட்டிருந்த காற்புள்ளியை அக்கா போட்டிருந்தார். கீழ் மூலையில் ‘பார்த்தது’, முதலெழுத்து.

திரைக்கு முன்னால் போய் இருந்தேன். தர்மபுரத்துப் பெரியவரின் பக்கம் திருத்தத்துக்காகத் திறந்திருந்தது. நடுப் பொத்தானை அழுத்தினேன். சாம்பலுக்கு நடுவில் ஒரு சதுரம் திறந்தது. அதற்குள் எழுத்துகள், ஒவ்வொன்றும் நாவற்பழம் அளவு, கறுத்து, தெளிந்து, கையால் பொறுக்கலாம் போல. மவுஸை நகர்த்த நகர்த்தச் சதுரமும் வரி வரியாகப் போனது. கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தால் ஒரு சாண் கண்ணாடிக்கும் தெரியும். காலையில் நான் வரும்போதெல்லாம் கதிரை கிட்டத்தான் இருந்திருக்கிறது.

ஒவ்வொரு காலையும் அந்தக் கால்மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. நான் வாசித்த ஒவ்வொரு பக்கத்தையும் எனக்கு முன்னால் அவர் வாசித்து முடித்திருக்கிறார். அந்த ஆறு பிள்ளைகளையும் அவர் விடியவே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் வாங்கை உள்ளுக்குத் தூக்குவித்திருக்கிறார்.

அக்கா கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். என் கையில் குறிப்பு. திரையில் சதுரம். விரலை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தன் கதிரைக்குப் போய், அடுத்த மூலப்பிரதியை எடுத்து விரித்துக்கொண்டார்.

“அக்கா, இதை எப்ப வாசிச்சனீங்கள்?”

“பெட்டி வந்த அண்டைக்கே. சிவப்புப் போட்டது நீர் மடிச்சு வைச்ச பிறகு.”

“அப்ப ஏன் மூண்டு மாசமா என்னை வாசிக்க வைச்சனீங்கள்?”

அவர் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

“நீர் ஒரு மாசம் பாடுபட்டுத் தெரிஞ்செடுத்தது வீணாப் போகப்படாது.”